ஏழு நிமிடத்தில் மூன்று எண்கள்

புதுச்சேரி
9 நவம்பர், ஞாயிறு

யானம் மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் சுடர்விழி அவர்களுக்கு,

மதிவாணன் எழுதுவது. என் பெயரைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவீர்கள் என்று, அனுப்புநர் இடத்தில் உங்கள் அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். முகவரி கொடுத்தவரும் அவர்தான். என் போன் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள், மெயிலுக்கும் பதில் இல்லை. எனவே கல்லூரிப் பரீட்சைக்குப் பிறகு முதல் தடவையாக இத்தனை பக்கம் பேனா பிடித்து எழுதுகிறேன். கையெழுத்துக்கு மன்னிக்கவும். மற்றதுக்கு மன்னிப்புக் கேட்பது பற்றிப் பிறகு.

உங்கள் சேதியெல்லாம் அவர் சொன்னார். தெலுங்கு பேச வந்துவிட்டதாம். ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஓ.பி. பார்க்கிறீர்களாம். கோதாவரி மீன் பிடிக்கவில்லையாம், வாரம் ஒரு முறை போனில் நம்ம ஊர் வஞ்சிரத்தைப் பற்றியே புலம்பல் என்றார். ஆராய்ச்சி பற்றி மட்டும் பேச்சே எடுப்பதில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நம் ஆராய்ச்சி சென்டர் அப்படியேதான் இருக்கிறது. மழைக்கு மீட்டிங் ஹால் ஒழுகுகிறது, புரொஜக்டருக்குக் கீழே பக்கெட். புது பேட்ச்சில் நாலு டாக்டர்கள். எம்.டி. முடித்துவிட்டு வந்த நல்ல பிள்ளைகள்தான், ஆனால் ரெண்டு பேர் சேர்ந்த முதல் வாரமே, இந்த ரெண்டு வருட ஆராய்ச்சிப் பயிற்சி முடிந்தால் என்ன லாபம், பேசாமல் காமராஜர் சாலையில் கிளினிக் வைக்கலாமே என்று கேட்டார்கள். நம் டைரக்டர் நிர்மலாதேவி மேடம் அதே பதில்தான் சொன்னார்: சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு ஊசி போட ஊரில் நிறைய டாக்டர் உண்டு, ஏன் இப்படி ஆகிறது என்று கேட்கும் டாக்டர்தான் இல்லை. வியாழக்கிழமை இன்னும் பயிற்சி டாக்டர்கள் எல்லாருக்கும் ஆராய்ச்சி நாள்தான், வார்டிலிருந்து யாரும் கூப்பிடக்கூடாது. கூப்பிடத்தான் செய்கிறார்கள். நீங்கள் இருந்தபோது சண்டை போட்டுக் காப்பாற்றினீர்கள். இப்போது சண்டை போட ஆள் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் செப்டம்பர், புதன்கிழமை கூட்டம். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் செய்ததை என் கையாலேயே ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆய்வின் கேள்வி இது: அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடும் வீட்டில், சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்குக் காலையில் ரத்தம் பார்ப்பதும் ஊசி போடுவதும் யார்? நீங்கள் முதன்முதலாக இதை போர்டில் எழுதியபோது, இது ஆராய்ச்சியா, ரேஷன் கார்டு கணக்கெடுப்பா என்று கேட்டுச் சிரித்தவன் நான். அறுபது பிள்ளைகளுக்கு, சர்க்கரை பார்க்க ஆளுக்கொரு மீட்டர் கொடுத்தோம். ரத்தத்தைத் தொட்டு அதில் செருகும் ஸ்ட்ரிப், ஆய்வில் இருக்கும்வரை இலவசம். ஒரு பிள்ளையின் மீட்டரை இன்னொரு பிள்ளைக்குப் பயன்படுத்தினால் ஆய்விலிருந்து நீக்கம், ஸ்ட்ரிப்பும் கிடையாது. அந்த விதியையும் எழுதியவன் நான்தான். தரவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். ஸ்ட்ரிப் நின்றால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

கூட்டத்தில் திரையில் போட்டேன். காலாப்பட்டுப் பக்கம் மீனவர் குப்பம், தீபலட்சுமி, பதினோரு வயது, பதினேழாம் எண் மீட்டர். காலை 6.40க்கு 212. 6.43க்கு 64. 6.47க்கு 340. ஏழு நிமிடத்தில் எந்தப் பிள்ளைக்கும் சர்க்கரை இப்படி ஏறி இறங்காது. ஒரு நாள் இல்லை, எண்கள் வேறு வேறாக, தினமும் இதே தாவல். அதே குப்பத்தில் அருள்முருகன், ஹேமலதா, இவர்கள் ரெண்டு பேர் பெயரிலும் நீங்கள் நோட்டில் எண்கள் எழுதியிருந்தீர்கள். அவர்கள் மீட்டரிலிருந்தோ ஒரு நாள்கூட ஒரு அளவும் எங்கள் சர்வருக்கு வந்ததில்லை. எல்லார் முன்னாலும் நான் சொன்னது:

“இது குழந்தையோட ரத்தம் இல்ல. டாக்டரோட கற்பனை.”

நீங்கள் எழுந்து நின்றீர்கள். ஏதோ சொல்ல வாய் திறந்தீர்கள். பிறகு உட்கார்ந்துவிட்டீர்கள். பொய் எழுதியதால் பதில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் பயிற்சியிலிருந்து ராஜினாமா. அடுத்த மாதம் யானம் போஸ்டிங்கை நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். பாண்டியில் அரசு வேலையில் இருக்கிறவன் யானம் வேண்டாம் என்று அழுவான், இந்தம்மா கேட்டு வாங்குதே என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

இப்போது போன மாதம். முதல் கட்டம் முடிந்து பழைய மீட்டர்களை வாங்கிக்கொண்டு புது மீட்டர் கொடுக்க வேண்டும். வழக்கமாகப் போகும் கலியமூர்த்தி வண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டு. வேறு ஆள் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரமெல்லாம் என்னால் காத்திருக்க முடியுமா, உங்களுக்குத் தெரியாதா? நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று வருட வேலையில் ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான்.

தீபலட்சுமியின் அம்மா சின்னப்பாப்பா உட்காரச் சொல்லிவிட்டு, பீரோவைத் திறந்து பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ரெண்டு பெட்டியை எடுத்து வந்தார். இருபத்திரண்டாம் எண், முப்பத்தொன்றாம் எண். அருளுக்கும் ஹேமாவுக்கும் கொடுத்த மீட்டர்கள். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. முகமெல்லாம் பெருமை. பத்திரமா வெச்சிருக்கோம் சார், பாருங்க, கவரு கூட பிரிக்கல என்றார். புதுசாய்க் கொடுத்த சாமான் கெட்டுப்போய்விடக்கூடாதே என்று ரெண்டு வருடமாக பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்போ பிள்ளைகளுக்கு எதில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அருளின் அம்மா ஆயம்மாவும் ஹேமாவின் அம்மாவும் நாலு மணிக்கே மீன் ஏலத்துக்குப் போய் அங்கிருந்து பெரிய மார்க்கெட் போய்விடுவார்கள். ஆறரைக்குப் பிள்ளைகள் ரெண்டும் எழுந்து இவர் வீட்டுக்கு வந்துவிடும். மூன்றையும் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு புது ஊசியால் விரலில் குத்தி, பழகின தன் மகளுடைய மீட்டரிலேயே மூன்று பேருக்கும் பார்த்து, அவரவர் இன்சுலினைப் போட்டு, இட்லி கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுவார்.

6.40 தீபா. 6.43 அருள். 6.47 ஹேமா. அவ்வளவுதான்.

என் புரோகிராம் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் அந்தப் பிள்ளையின் மீட்டரோடு மட்டும்தான் ஒப்பிடும். அப்படித்தான் எழுதினேன். மூன்று தாளை ஒன்றாக மேசையில் வைத்துப் பார்த்திருந்தால் பத்தாம் வகுப்புப் பையன் கண்டுபிடித்திருப்பான். நான் வைக்கவில்லை. இதே நான்தான் உங்கள் பேட்ச்சுக்கு முதல் வகுப்பில், ஒரு எண்ணைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அதை எழுதியவரிடம் போய்க் கேளுங்கள் என்று பாடம் எடுத்தவன். நீங்கள் அதைக் குறித்து வைத்துக்கொண்டீர்கள். கேட்கவும் போனீர்கள். போகாதவன் நான்.

சின்னப்பாப்பா எடுத்துக் காட்டிய நோட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பேச்சோடு பேச்சாக அவர் கேட்டது இது. எங்க சுடர் டாக்டரம்மாவ யாரோ ஒரு கம்ப்யூட்டர்காரன் அழ வெச்சி அனுப்பிட்டானாமே, நீங்களும் அங்கதான இருக்கீங்க, அவன் யாருன்னு தெரியுமா சார்? கஞ்சி கொடுத்தார், அதைக் குடித்துக்கொண்டே, தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சென்டருக்கு வந்து மூன்று நாள் உட்கார்ந்து ஒப்பிட்டேன். மூன்று பிள்ளைகள் பெயரிலும் நீங்கள் எழுதிய எண்கள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. மீட்டரில் இருப்பதோடு ஒன்பது இடத்தில்தான் வித்தியாசம், அதுவும் அந்த அம்மா தன் நோட்டில் 1ஐயும் 7ஐயும் ஒரே மாதிரி எழுதி, நீங்கள் அதைப் பார்த்து எழுதியதால். நீங்கள் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அந்த ஹெச்பிஏ1சி சதவீதம். நம் அறுபது பிள்ளைகளின் சராசரி 9.8. இந்த மூன்று பேருக்கும் 7.6க்கு மேல் போகவே இல்லை. காலையில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்களே, அதுக்கு விடை உங்கள் கையில் வந்துவிட்டது. வேலைக்குப் போகாத ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் போதும். ஆய்வுக்கே அதுதான் விடை. அதை எழுதினால் மீட்டரைப் பகிர்ந்தது வெளியே வரும், என் விதிப்படி மூன்று பிள்ளைகளுக்கும் ஸ்ட்ரிப் நின்றுவிடும். அதனால்தான் அன்றைக்கு எழுந்தும் பேசாமல் உட்கார்ந்தீர்கள்.

முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவன், இதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்ததும் தப்புதான். மேடத்திடமாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மறைத்தது வேறு, இட்டுக்கட்டியது வேறு. நான் இட்டுக்கட்டினீர்கள் என்று சொன்னேன்.

இது தெரிந்து இன்றோடு பதினோரு நாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரிப் போகும். சொல்லாவிட்டால் உங்கள் பெயர் அப்படியே கிடக்கும். நீங்கள் இதே இடத்தில் நின்று அரை நிமிடத்தில் முடிவெடுத்தீர்கள். எனக்குப் பதினோரு நாள் போதவில்லை.

முந்தாநாள் தட்டாஞ்சாவடிக்குப் போனேன், உங்கள் அப்பாவைப் பார்க்க. பிளாஸ்டிக் மூடி அச்சடிக்கும் பட்டறை வாசலில் காத்திருந்தேன். ஷிப்ட் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். யார் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். டீக்கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். மில்லில் முப்பது வருடம், மில் மூடியதும் இங்கே என்று பொதுவாகப் பேசினார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“எம் பொண்ணு கணக்க மாத்தி எழுதிச்சா சார்?”

இல்லை என்றேன். பதினான்கு மாதமாக இதை யாரிடமும் கேட்காமல், உங்களிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார். இத போன வருசமே வந்து சொல்லியிருக்கலாமே சார் என்றார். அதுக்குப் பிறகுதான் உங்கள் முகவரியைச் சொன்னார். கடைக்காரரிடம் துண்டுப் பேப்பர் வாங்கிக் கொடுத்து, நான் எழுதிய முகவரியைச் சரியா என்று ஒரு முறை வாசிக்கச் சொன்னார்.

இன்றைக்கு இத்தோடு நிறுத்துகிறேன். தபாலில் போடவில்லை. முதலில் ஒரு வேலை இருக்கிறது.

14 நவம்பர், வெள்ளி

புதன் கூட்டத்தில் ஸ்ட்ரிப் விஷயத்தை மட்டும் எடுத்தேன். எந்தப் பிள்ளை பெயரையும் சொல்லவில்லை. ஆய்வில் இருந்தால்தான் ஸ்ட்ரிப் என்பது மிரட்டல் மாதிரி இருக்கிறது, ஸ்ட்ரிப் போய்விடும் என்ற பயத்தில் வீடுகள் உண்மையைச் சொல்லாது, அதனால் தரவும் கெடும் என்றேன். விதி எழுதியவனே வந்து விதியைக் குறை சொல்கிறானே என்று எல்லாரும் பார்த்தார்கள். ரெண்டு மணி நேரம். எனக்குப் பொறுமை எத்தனை நிமிடம் தாங்கும் என்று நீங்கள் புதுப் பிள்ளைகளிடம் பந்தயம் கட்டுவீர்களே, அன்றைக்குத் தோற்றிருப்பீர்கள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். சென்டரில் பதிவான எந்தப் பிள்ளைக்கும், ஆய்வில் இருந்தாலும் நீக்கினாலும், ஸ்ட்ரிப் உண்டு. மினிட்ஸில் ஏறி, கையெழுத்தும் ஆகிவிட்டது. நகலைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

நேற்று வியாழன். அதன் பிறகுதான் மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விளக்கமே தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் நடந்த அன்று மாலை உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். ஒரு பொய்கூட எழுதல மேடம், இதுக்கு மேல கேக்காதீங்க என்று சொன்னீர்களாம். அவர் கேட்கவில்லை. அவருடைய வார்த்தையையே எழுதுகிறேன்:

“இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கணும், மதி. வெளியில ஓ.பி. நின்னுட்டிருந்துச்சு, விட்டுட்டேன்.”

உங்கள் பேரில் என்ன நடவடிக்கை என்று எழுதியிருந்ததோ அதையெல்லாம் ரத்து செய்து மேடம் கடிதம் கொடுத்திருக்கிறார். அது இந்த உறைக்குள் முதலில் இருக்கிறது. அடுத்த புதன் கூட்டத்தில், அதே திரையில், அதே தாள்களை நான் போட்டுக் காட்டப் போகிறேன். அன்றைக்குச் சொன்ன வாக்கியத்தையும் அப்படியே சொல்லி, சொன்னவன் யார் என்றும் சொல்லப் போகிறேன். புதுப் பிள்ளைகளுக்கு அந்த மாதப் பாடமாக அது இருக்கட்டும் என்றார் மேடம்.

ரெண்டாவதாக ஒரு விண்ணப்பம். ஜனவரி பேட்ச்சுக்கு உங்களுக்கு ஓர் இடம். முடித்துவிட்டுப் போன ஒன்றரை வருடத்தைக் கழித்துக்கொள்ள முடியாதாம். முதலிலிருந்து ரெண்டு வருடம். நான் சண்டை போட்டும் பார்த்தேன், விதி அப்படி, இது நான் எழுதியதில்லை. வயது வரம்பு முப்பத்திரண்டு. மார்ச்சில் உங்களுக்கு முப்பத்திரண்டு முடிகிறது, அதனால் இதுதான் கடைசி பேட்ச். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும் பாக்கி. ஆய்வுத் தலைப்பு என்ற இடத்தில் உங்கள் பழைய கேள்வியையே எழுதியிருக்கிறேன். மேடத்திடம் கேள்விப்பட்டு சென்டரில் ஒருவர், அந்த மூன்று பிள்ளைகளின் எண்களை வைத்துத் தான் கட்டுரை எழுதட்டுமா என்று கேட்டார். எழுதியவர் யானத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். போன ஒன்றரை வருடத்தை என்னால் திருப்பித் தர முடியாது. இதை எத்தனை விதமாகக் கூட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

இன்று காலையில் மறுபடி குப்பத்துக்குப் போனேன். ஸ்ட்ரிப் நிற்காது என்று சொன்னேன். பிறகு, அந்தக் கம்ப்யூட்டர்காரன் நான்தான் என்றும் சொன்னேன். சின்னப்பாப்பா மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. தெரியும், அன்னிக்கு வாசல்ல வண்டிய நிறுத்தும்போதே தெரியும், ஒல்லியா சிரிக்காத ஆளுன்னு கலியமூர்த்தி சொல்லியிருக்கான், நீயா சொல்றியான்னு பாத்தேன் என்றார். சார் போய் நீ வந்துவிட்டது. கஞ்சி கொடுக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, இத அந்தப் புள்ளைக்கு அனுப்பு என்றார். புது நோட்டு ஆரம்பித்துவிட்டாராம்.

உறையில் மூன்றாவதாக இருப்பது அதுதான். பக்கத்துக்கு ஐந்து கட்டம். தேதி, தீபா, அருள், ஹேமா, கடைசியாக டாக்டரம்மா. நீங்கள் இருந்தவரை அந்தக் கடைசிக் கட்டத்தில் பச்சை மையில் ஒரு வரி இருக்கிறது. எங்கேயும் திட்டு இல்லை, எல்லாம் கேள்வி. ‘நேத்து ராத்திரி பரோட்டாவா?’ ‘64 வந்தப்ப பயந்தியா, சிரிச்சியா?’ ‘ஹேமா, ஊசி இன்னிக்கு எந்தத் தொடையில?’ அடுத்த நாள் கட்டத்துக்குக் கீழே பிள்ளைகள் பதில் எழுதியிருக்கிறார்கள். நான் ஆயிரம் வரி புரோகிராம் எழுதி வாங்க முடியாததை நீங்கள் ஒரு வரியில் வாங்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் போன பிறகும் அந்த அம்மா கட்டம் போடுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தின் தலையில் டாக்டரம்மா என்று எழுதி, கீழே காலி. பதினான்கு மாதம் காலி.

முதல் பக்கத்தில் மன்னிப்பு பற்றிப் பிறகு என்று எழுதியிருந்தேன். கேட்டால் நீங்கள் அதுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொரு வேலையை உங்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. காலிக் கட்டம் ஒன்றில் எழுதலாம் என்று ஒரு வரி வைத்திருந்தேன். பேனாவைத் திறந்தேன். அது எனக்குப் போட்ட கட்டம் இல்லையே என்று மூடிவிட்டேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். டிசம்பர் பத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆனால் நோட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பத்து நாளாகத் தீபாவுக்குக் காலையில் 280க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. புது பேட்ச் டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டியும் இறங்கவில்லை. ஏன் என்று அந்த அம்மா உங்களைத்தான் கேட்கச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் எண்கள் இருக்கின்றன. பக்கத்துக் கட்டத்தில் இடமும் இருக்கிறது.

அங்கே கோதாவரியில் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

நோட்டு வந்து சேரும் என்று காத்திருக்கும்,
கம்ப்யூட்டர்காரன் மதிவாணன்